இரண்டு நிமிட த்ரில்லர்: மாணவர் படத்தின் தொடக்கக் காட்சியைத் திட்டமிடும் முழு வழிகாட்டி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கிற த்ரில்லர் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உழைப்பில் குறை சொல்லவே முடியாது, ராத்திரி முழுக்க கண் விழித்து எடுத்திருப்பார்கள். ஆனால் தொடக்கம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது. அலாரம் அடிக்கும், ஹீரோ எழுந்து பல் தேய்ப்பான், போன் வரும். இல்லையென்றால் முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு ஒரு பெண்ணைத் தோப்புக்குள் துரத்துவான், அவள் விழுவாள், அலறுவாள், டைட்டில் வரும். அவன் யார், அவள் யார், ஏன் துரத்துகிறான் என்று எதுவுமே தெரியாததால் நமக்குப் பயமும் வருவதில்லை.

இந்தக் கட்டுரை முதல் இரண்டு நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஏன் இரண்டு நிமிடம்? இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் மீடியா ஸ்டடீஸ் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஒரு செய்முறைப் பணி கொடுத்து வந்தது: ஒரு புதிய கதைப்படத்தின் டைட்டிலும் தொடக்கமும், அதிகபட்சம் 2 நிமிடம், இசையையும் ஒலி விளைவுகளையும் தவிர மற்ற எல்லாமே சொந்தமாக எடுத்ததாக இருக்க வேண்டும். நல்ல அளவு அது. ஒரு எண்ணத்தை நட்டுவிடலாம், ஆனால் வீணடிக்க இடமிருக்காது. நம் ஊரில் பத்து நிமிடக் குறும்படம் எடுப்பவர்களும் முதல் இரண்டு நிமிடத்தை இப்படித் தனியாக எடுத்து வைத்துத் திட்டமிட்டால் மீதிப் படம் தானாகச் சீராகும்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

பேப்பரில் ஷாட் எழுதுவதற்கு முன், இரண்டு நிமிடம் முடியும்போது பார்க்கிறவர் மனதில் என்ன கேள்வி நிற்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். ஒரே கேள்வி. "என்ன நடக்குமோ?" என்று எழுதினால் அது கேள்வியில்லை, அது எல்லாப் படத்துக்கும் பொருந்தும். கேள்விக்குள் ஒரு பொருளோ, ஒரு எண்ணோ, ஓர் ஆளோ இருக்க வேண்டும்.

1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்' ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சிவாஜி கணேசன் நடித்த பாத்திரம் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறது. பாட்டே இல்லாத அந்தப் படம் முழுவதையும் "யார் சுட்டது?" என்ற ஒரு கேள்விதான் இழுத்துக்கொண்டு போகிறது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, வெறும் பேச்சாகப் போகாமல் ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கூடவே எடுத்துப் போவோம். செலவில்லாத கதையாக வேண்டும் என்பதால் கல்லூரிக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்கிறேன். கடைசி வருடம் படிக்கும் நித்யா மாலையில் அங்கே பகுதிநேர வேலை பார்க்கிறாள். ராத்திரி டீ வாங்கப் போன நேரத்தில் யாரோ உள்ளே வந்து தானே மிஷினை ஓட்டி நகல் எடுத்துவிட்டு, நூறு ரூபாய் நோட்டையும் "40" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார். பிரதிக்கு 2 ரூபாய், ஆக 80. மீதி 20 ரூபாயை எடுத்துத் தனியாக வைக்கிறாள். கடையைக் கட்டும்போது கண்ணாடியைத் துடைக்க மிஷின் மூடியைத் தூக்குகிறாள். உள்ளே அந்த ஆள் மறந்துவிட்டுப் போன ஒரிஜினல் கிடக்கிறது. பஸ் ஸ்டாப்பில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்ணின் போட்டோ. அவள் தோளில் கிடப்பது நித்யா இப்போது போட்டிருக்கும் அதே துப்பட்டா.

கேள்வி: என் போட்டோவை 40 பேரிடம் யார், எதற்காகக் கொடுக்கிறார்கள்?

இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, துரத்தல் இல்லை. எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஆள் ஒழுங்காகக் காசு வைத்துவிட்டுப் போனதுதான். திருடன் மாதிரி நடந்துகொண்டிருந்தால் பயம் பாதியாகியிருக்கும்.

யாருக்கு என்ன தெரியும்

இது முழு வழிகாட்டியின் நடுத்தூண், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

த்ரில்லர் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு 1962இல் கொடுத்த நீண்ட பேட்டியில் ஒரு விளக்கம் சொன்னார், சினிமா வகுப்புகளில் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேஜைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே குண்டை ஒருவன் அங்கே வைப்பதை நமக்கு முதலிலேயே காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாக மாறிவிடுகிறது. ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' அதைத்தான் செய்கிறது: முதல் ஷாட்டிலேயே கார் டிக்கியில் டைம் பாம் வைக்கப்படுகிறது, பிறகு மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் கேமரா அந்தக் காரோடும் கூட்டத்தோடும் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதை நம் கதைக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்று வழி கிடைக்கிறது. முதல் வழியில் அந்த ஆளைக் காட்டவே வேண்டாம். நித்யா டீயோடு வருகிறாள், நோட்டைப் பார்க்கிறாள், மூடியைத் தூக்குகிறாள். நமக்கும் அவளுக்கும் ஒரே அளவுதான் தெரியும், அது புதிர். இரண்டாவது வழியில் அவன் கையையும் முதுகையும் மட்டும் காட்டிவிடலாம், ஆனால் என்ன நகல் எடுத்தான் என்று காட்டக்கூடாது. அவளைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவள் அப்பாவியாக அந்த 20 ரூபாயை எடுத்து வைக்கும்போது நமக்கு மட்டும் வயிற்றில் ஏதோ பிசையும். மூன்றாவது, அவன் போட்டோவை மிஷினில் வைப்பதையே நேராகக் காட்டிவிடுவது. பதற்றம் எகிறும், ஆனால் மூடியைத் தூக்கும் நொடி செத்துப்போகும், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கு முன்பே தெரியும்.

நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் டைரக்டர், கேமராமேன், எடிட்டர் மூன்று பேரும் ஒரே வழியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்களா என்று ஷூட்டிங்குக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கேமராமேன் ஆர்வத்தில் அவன் முகத்தை ஒரு ஷாட்டில் அழகாக லைட் பண்ணி எடுத்துவிட்டால் எடிட்டிங்கில் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது, அங்கேயே கதை கெட்டுவிடும்.

லொகேஷன்: போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள்

முதலில் இந்தக் கதையை யோசித்தபோது துண்டுச் சீட்டு கிடையாது. மிஷினின் திரையில் "40" என்று எண் தெரிவதாகத்தான் வைத்திருந்தேன். பிறகு ஒரு கடையில் போய் நின்று பார்த்தால், வேலை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே எண் தானாக 1க்குத் திரும்பிவிடுகிறது. நித்யா டீ வாங்கி வருவதற்குள் அது போயிருக்கும். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த யாராவது படத்தைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். அதனால்தான் சீட்டு வந்தது. வந்தது நல்லதாகவும் போயிற்று, அவன் கையெழுத்து நமக்குக் கிடைத்துவிட்டது, பின்னால் கதையில் எங்காவது உதவும்.

நீங்கள் எந்த ஊரில் எடுத்தாலும், எந்த நேரத்தில் ஷூட் செய்யப் போகிறீர்களோ அதே நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். பக்கத்துக் கோயிலில் மைக் செட் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், தெருவிளக்கு எப்போது எரிகிறது, நாய்கள் எங்கே படுக்கின்றன, பஸ் போகும்போது கடை அதிர்கிறதா, பிளக் பாயின்ட் எத்தனை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். போனிலேயே ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், பிறகு அதுதான் உங்கள் ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட்களை வரிசையாகப் படத்தில் காட்டும் திட்டம் ஆகப் போகிறது.

ஜெராக்ஸ் கடைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. மேஜை மேலும் சுவரிலும் யாருடைய ஆதார் நகலாவது, மார்க் ஷீட்டாவது, போன் நம்பர் எழுதிய சீட்டாவது கிடக்கும். அவ்வளவும் உண்மையான மனிதர்களுடைய விவரம், உங்கள் ஃபிரேமில் வரவே கூடாது. ஷூட்டிங்குக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நீங்களே அடித்த போலிப் படிவங்களைப் போடுங்கள். கடையின் பெயர்ப்பலகையையும் மறைத்துவிடுங்கள், குற்றம் நடக்கும் கதையில் ஒருவர் பிழைப்பு நடத்தும் கடையின் பெயர் வருவது நியாயமில்லை. ஓனரிடம் வாயால் கேட்டால் போதாது, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையில் கத்தியோ பொம்மைத் துப்பாக்கியோ தெருவில் வருகிறதென்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ரயில் நிலையம் வேண்டுமென்றால் ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும், மாணவர் படத்துக்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள்.

ஷாட் டிவிஷன்

ஷாட் டிவிஷன் என்றால் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவது. இரண்டு நிமிடம் என்றால் 120 விநாடி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விநாடி எழுதிக் கூட்டிப் பாருங்கள், யாருமே இதைச் செய்வதில்லை, அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு எழுதியது நான்கரை நிமிடமாக வந்து நிற்கிறது. நம் கதைக்கு நான் போட்ட கணக்கு:

1. இருட்டு. மூடியின் இடுக்கில் வெளிச்சக் கோடு போய்ப் போய் வருகிறது. மிஷின் சத்தம். (10)
2. குளோசப்: தாள்கள் டிரேயில் கவிழ்ந்து விழுகின்றன, வெள்ளைப் பின்பக்கம் மட்டும் தெரிகிறது. (7)
3. ஒரு கை அந்தத் தாள்களை எடுக்கிறது, நூறு ரூபாய் நோட்டையும் சீட்டையும் ஸ்டேப்ளருக்கு அடியில் வைக்கிறது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. (8)
4. லாங் ஷாட்: இருண்ட தெரு, கடையில் மட்டும் வெளிச்சம். ஓர் ஆள் முதுகு காட்டி வலப்பக்கம் போய் மறைகிறார், இடப்பக்கமிருந்து நித்யா டீ பார்சலோடு வருகிறாள். (14)
5. மிட்: உள்ளே வந்தவள் நோட்டைப் பார்க்கிறாள். (7)
6. சீட்டு: "40". (4)
7. நூறை டிராயரில் போட்டு, இருபதை எடுத்து ஸ்டேப்ளருக்கு அடியில் வைக்கிறாள். (9)
8. கடைக் கதவை உள்ளிருந்து பாதி இறக்குகிறாள். (8)
9. மேஜையைத் துடைத்தபடி வந்து மூடியைத் தூக்குகிறாள். (10)
10. முகம். (5)
11. போட்டோ. (5)
12. அவள் கை தன் துப்பட்டாவைத் தொடுகிறது. (5)
13. பின்னாலிருந்து அவள், போட்டோவில் இருக்கும் அதே கோணத்தில். (8)
14. தரையோடு தரையாக: கதவின் இடுக்கு. இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. (8)
15. அவள் முகம். வெளியிலிருந்து குரல்: "பாக்கி இருபது ரூபா இருக்கும்மா..." (6)
16. இருட்டு. டைட்டில்: 'நாற்பது பிரதி'. (6)

கூட்டினால் சரியாக 120. இரண்டு நிமிடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வசனம்தான், அதுவும் மிரட்டல் கிடையாது, சில்லறை கேட்கிறார் அவ்வளவுதான்.

சில இடங்களுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நான்காவது ஷாட்டில் ஆள் வலப்பக்கம் போய் மறைகிறார் அல்லவா, 14இல் கால்கள் வரும்போதும் தெருவின் அதே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். உள்ளேயிருந்து பார்க்கும்போது அது இடப்பக்கமாகத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள், இந்த மாதிரி இடத்தில்தான் லைன் கிராஸ் ஆகி, அதாவது கேமரா மறுபக்கம் போனதால் இடம் வலம் மாறித் தெரிந்து, "இது வேற ஆளோ?" என்று பார்ப்பவர் குழம்புவார். கடையின் மேல்பார்வைப் படம் ஒன்றை நோட்டில் வரைந்து, கேமரா எங்கே நிற்கிறதென்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் அம்புக்குறி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

13ஆவது ஷாட்தான் எனக்கு ரொம்பப் பிரியமானது. போட்டோ எடுத்தவன் நின்ற இடத்தில் இப்போது நம் கேமரா நிற்கிறது. ஒரு வார்த்தை பேசாமலே பார்ப்பவருக்கு முதுகில் சில்லிடும், ஆனால் அதற்குப் போட்டோவும் ஷாட்டும் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில், ஒரே பக்கம் தோள் சாய்ந்து இருக்க வேண்டும். ஆக, அந்த போட்டோவை எடுக்கும் நாளிலேயே கேமரா உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண் பின்தொடரப்படுவது நம் ஊரில் நிஜமாக நடக்கிற கொடுமை. கேமரா அவளுடைய பயத்தோடு நிற்க வேண்டும், அவள் உடம்பை நோட்டம் விடக் கூடாது. நடிக்க வரும் பெண்ணிடம் முழுக் கதையையும் ஷாட் வாரியாக முன்பே சொல்லி, எந்த ஷாட் அவருக்குச் சங்கடமாக இருக்கிறதோ அதை மாற்றுங்கள். ராத்திரி ஷூட் என்றால் அவர் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போகிறார் என்பது கால் ஷீட்டிலேயே (யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற அன்றைய ஷூட்டிங் தாள்) எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டம்மி எடிட்

ஷாட் டிவிஷன் முடிந்ததும் நேரே ஷூட்டிங் போகாதீர்கள். உங்கள் குழுவில் யாரையாவது நித்யாவாக நிற்க வைத்து, 16 ஷாட்டையும் போனில் ஸ்டில்லாக எடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒவ்வொன்றையும் அதன் விநாடிக்கு நீட்டி வரிசையாகப் போட்டு, யூடியூபிலிருந்து எடுக்காமல் நீங்களே பதிவு செய்த ஜெராக்ஸ் சத்தத்தை அடியில் வையுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். எது வளவளவென்று இழுக்கிறது, எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒன்பதாவது ஷாட் 10 விநாடி நீளம் போலத் தெரியலாம், ஆனால் மூடியைத் தூக்குவதற்கு முன் அந்தச் சோம்பலான துடைப்பு தேவை. முன்னால் ஓர் அமைதி இருந்தால்தான் அடுத்து வரும் முகம் உறைக்கும்.

வெளிச்சம், கேமரா

த்ரில்லர் என்றால் இருட்டு என்று நினைத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு போனில் எடுப்பது பெரிய தவறு. வெளிச்சம் போதாதபோது போன் தானாக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான சென்சாரின் உணர்திறனை, ஏற்றும், படம் முழுக்க மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக வரும். வெளிச்சம் வையுங்கள், ஆனால் ஒரே பக்கத்திலிருந்து வையுங்கள். கடையில் இரண்டு டியூப்லைட் இருந்தால் முன்னால் இருப்பதை அணைத்துவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் எரிய விடுங்கள். முகத்தின் மறுபக்கம் ரொம்பக் கறுத்தால் ஒரு தெர்மாகோலைத் தூரத்தில் பிடித்தால் போதும். கறுப்பு பற்றவில்லையென்றால் அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகு எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிகிறது என்பதை) கொஞ்சம் குறைத்து லாக் செய்யுங்கள்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் ஸ்பீடை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் ஃபிளிக்கர் வராது, 1/60 வைத்தால் கோடு கோடாக ஓடலாம். ஃபிரேம் ரேட் விநாடிக்கு 25 வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்தும். போனோடு வரும் கேமராவில் இதையெல்லாம் மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஷாட்டுக்குள் முகம் மஞ்சளாகவும் நீலமாகவும் மாறும்.

நான்காவது ஷாட்டை நடு ராத்திரியில் எடுக்க வேண்டாம். சூரியன் மறைந்த பிறகு சுமார் 20 நிமிடம் வானம் அடர்நீலமாக நிற்கும், அந்த நேரத்தில் எக்ஸ்போஷரை இறக்கி எடுத்தால் பார்ப்பதற்கு ராத்திரி மாதிரியே இருக்கும், கட்டடங்களின் உருவமும் தெரியும். 20 நிமிடத்தில் மூன்று டேக்தான் கிடைக்கும், எனவே பகலிலேயே நான்கு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். கடை மாலையில் வேலை நாளில் பரபரப்பாக இருக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

சத்தம்

படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், சத்தம் மோசமாக இருந்தால் எழுந்து போய்விடுவார். ஷூட்டிங்கில் ஃபேனை அணைத்துவிடுங்கள். பிறகு ஃபேன் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து எடிட்டிங்கில் சேருங்கள். எதற்கு இந்த வேலை? பத்தாவது ஷாட்டில் அவள் முகம் வரும்போது அந்த ஃபேன் சத்தத்தை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம். அதுவரை காதில் இருந்தது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது, ஆனால் போனதும் மூச்சு நின்றாற்போல இருக்கும். ஷூட்டிங்கிலேயே ஃபேன் ஓடியிருந்தால் இதைச் செய்யவே முடியாது.

மிஷின் சத்தம், கதவு இறங்கும் சத்தம், தாள் விழும் சத்தம், செருப்புச் சத்தம் என்று ஒவ்வொன்றையும் கிட்டத்தில் மைக் வைத்துத் தனித்தனியாக எடுங்கள். யாரும் பேசாமல் அசையாமல் கடையின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு நடுவே ஒட்டுப் போட அது இல்லாமல் முடியாது. இசைக்கு அவசரப்பட வேண்டாம். ஜெராக்ஸ் மிஷினின் "கர்ர்... டக்" ஒரு தாளம்தான், ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்யும் நண்பர் அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு அடியில் ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டினால் போதும். பிரபலமான படத்தின் பிஜிஎம்மை எடுத்துப் போட்டால் யூடியூபில் காப்பிரைட் கிளைம் வரும், அதைவிட முக்கியம், பார்ப்பவருக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

பெயர்கள் எங்கே வரும்

டைட்டிலைக் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் முக்கியமான ஷாட்டின் மேல்தான் போய் விழும். இந்தக் கதையில் 1 முதல் 9 வரைக்கும்தான் பெயர்கள், பத்தாவது ஷாட்டிலிருந்து கடைசி டைட்டில் வரும்வரை ஓர் எழுத்துகூடத் திரையில் வரக்கூடாது. சீட்டு வரும் ஆறாவதிலும் வேண்டாம், அங்கே படிக்க வேண்டியது "40" மட்டும். முதல் ஷாட்டில் வெளிச்சக் கோடு கடக்கும்போது உங்கள் குழுவின் பெயர் தெரிந்து மறையலாம். நான்காவது நீளமான ஷாட், இருண்ட வானம் பாதி ஃபிரேமைக் காலியாக விட்டிருக்கும், நடிகர்கள் பெயரை அங்கே போடுங்கள். அதற்கேற்ப கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்க வேண்டும் என்பதால்தான் முன்பே யோசிக்கச் சொல்கிறேன். எழுத்து இயக்கம் வழக்கம்போல எல்லாருக்கும் கடைசியில், எட்டாவது ஷாட்டில், கதவு இறங்கும்போது.

எழுத்துருவுக்குக் காசு வேண்டாம். முக்த மலர், கேட்டமரான் (Catamaran), மீரா இனிமை, கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழ் உடையும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். "நொ", "கௌ", "ஸ்ரீ" மூன்றையும் அடித்துப் பாருங்கள். உடைந்தால் வேறு மென்பொருளில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒருவருடைய பெயரைத் திரையில் தப்பாகப் போடுவதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

ஷூட்டிங் நாள்

கடை ஒன்பதரைக்குத்தான் நம் கைக்கு வரும், பன்னிரண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வையுங்கள். இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். டைட்டிலையும் மாலையில் எடுத்த நான்காவது ஷாட்டையும் விட்டால் 14 ஷாட். அனுபவமில்லாத குழுவுக்கு ஒரு ஷாட் 15 நிமிடம் பிடிக்கும், ஆக 210 நிமிடம். ஒரு ராத்திரியில் முடியாது, இரண்டு ராத்திரி கேளுங்கள். முதல் ராத்திரி நடிகை வரும் ஷாட்கள், இரண்டாவது ராத்திரி கை, கால், தாள், சீட்டு, மிஷின். நடிகையின் ஷாட்களிலும் முகம் சோர்வதற்கு முன்பே 10, 12, 15 மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

பத்தாவது ஷாட்டில் "பயப்படு" என்று சொல்லாதீர்கள், கண்ணை அகல விரித்து வாயைப் பொத்துவதுதான் கிடைக்கும். போட்டோ முதுகைத்தான் காட்டுகிறது, அதனால் அவளுக்கு உடனே புரியாது. முதலில் ஒரு பஸ் ஸ்டாப், அப்புறம் யாரோ ஒரு பெண், அப்புறம் அந்தத் துப்பட்டா. இந்த மூன்று படியையும் மனசுக்குள் எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்காகத்தான் ஐந்து விநாடி.

எல்லாரும் மறக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த போட்டோ ஷூட்டிங்குக்கு முன்பே எடுத்து, பிரின்ட் போட்டு, கையில் இருக்க வேண்டும். அதே துப்பட்டா, அதே தலைப்பின்னல், பகல் வெளிச்சம், பஸ் ஸ்டாப்பில் வேறு யாருடைய முகமும் விழாமல். கசங்கினால் மாற்ற மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கன்டினியூட்டி பார்க்க, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்ததிலும் மாறாமல் இருக்கிறதா என்று கவனிக்க, ஒருவரைத் தனியாகப் போடுங்கள், அவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள்: துப்பட்டா எந்தத் தோளில், டீ எவ்வளவு குறைந்திருக்கிறது, இருபது ரூபாய் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது. பேக்கப் சொன்னதும் கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகுதான் யாரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

யாருக்குக் காட்டுவது

முதல் எடிட் முடிந்ததும் கதையே தெரியாத நான்கைந்து பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இப்ப உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "அந்த 40 பேர் யாரு?" என்றோ "எதுக்கு எடுத்தான்?" என்றோ வந்தால் எடிட்டைத் தொடாதீர்கள். "போட்டோவில் இருக்கிறது யாரு?" என்று வந்தால் துப்பட்டா பதியவில்லை என்று அர்த்தம், நான்காவது ஷாட்டில் அது காற்றில் ஆடும் டேக்கைத் தேடிப் போடுங்கள், 11க்கு ஒரு விநாடி கூட்டி 9இல் ஒரு விநாடி குறையுங்கள். "வெளியே நிக்கிறது ஓனரா?" என்று கேட்டால் மூன்றாவது ஷாட்டில் கறுப்புக் கயிறு தெரியவில்லை, அல்லது குரலில் வயது தப்பாகியிருக்கிறது. குரலை மட்டும் இன்னொருவரை வைத்து டப்பிங் செய்து அதே ஆட்களுக்கு இல்லாமல் புதிதாக இரண்டு பேருக்குக் காட்டுங்கள்.